அடைமழையின் விரல் கட்டு

என் தங்கையின் கணவருக்கு எங்கள் டிரம்மர் வைத்த பட்டப்பெயர் அடைமழை. கிடாரைத் தொட்டால் விடவே மாட்டார். தங்கை ஒரு வரியைப் பாடி, மூச்சு வாங்க வாயை மூடினால் போதும், அந்தச் சந்தில் ஒரு கூடை சுரத்தைக் கொட்டிவிடுவார். அவள் அடுத்த வரியைத் தொடங்கிய பிறகும் கொட்டிக்கொண்டுதான் இருப்பார். கேட்டால் அதற்குப் பெயர் ஜாஸாம்.

வாரக் கடைசியில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் நாலு பேரும் வாசிப்போம். தங்கை பாட்டு, நான் பேஸ் கிடார், டிரம்மர், அப்புறம் இந்த மகானுபாவர். மற்ற நாளெல்லாம் தங்கை ஒரு மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று இருமல் மருந்து எடுத்துக் கொடுப்பவள். அந்த ஒரு சாயங்காலம்தான் அவள் அவளாக இருப்பாள். அதிலும் புருஷனே குறுக்கே விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்ல?

தனியாக வாசிக்கிற சோலோவைக்கூட மன்னித்துவிடலாம். பாட்டுக்குக் கூட வாசிக்கிற லட்சணம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. பாடுகிறவளுக்கு மெல்லத் தாங்கல் கொடுக்க வேண்டிய இடத்தில் ஆறு கம்பியையும் சேர்த்து அடிப்பார். அடிச் சுரத்தை நான் பேஸில் வாசித்துக்கொண்டிருப்பேன். அவரும் தடித்த கம்பியில் அதையே வாசித்து என் காலை மிதிப்பார்.

"மாப்ள, நடுவுல ரெண்டு கம்பி போதும். கீழ நான் பாத்துக்கறேன், மேல அவ பாத்துக்குவா" என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு கம்பி வாசிக்கவா இவ்ளோ கத்துக்கிட்டேன், மச்சான்? கூட வாசிக்கறது எவனும் செய்வான். சோலோதான் கலை."

"சரி, அந்தக் கலையையாவது வாயால பாடிக்கிட்டே வாசிங்க. மூச்சு நிக்கற இடத்துல விரலும் நிக்கும்."

"எனக்கு மூச்சு ஜாஸ்தி" என்று சிரித்தார். சிரிக்க வேறு செய்தார்!

இத்தனைக்கும் மனிதர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். அங்கே போய்ப் பார்க்க வேண்டும் அவர் ஞானத்தை. யாராவது, "படத்தைச் சட்டம் வரைக்கும் ஒட்டிப் போட்டுடுங்க" என்றால் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். "சுத்தி வெள்ளை அட்டை விடணும்மா. வெறும் இடம் இருந்தாத்தான் படத்து மேல கண்ணு நிக்கும்." இதைச் சொன்ன அதே ஆள்தான் சாயங்காலம் கிடாரோடு வந்து ஒரு இம்மி இடம் விடாமல் அடைப்பார். ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு நாள் ஹோட்டல் மேனேஜர் தங்கையைக் கூப்பிட்டார். "உங்க குரல் மேசைக்கு வர்றதே இல்லம்மா. கிடார்தான் வருது. அடுத்த வாரமும் இப்படின்னா நான் வேற ஆளுங்களைப் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னாள். நானும் இருந்தேன்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்றார் மாப்பிள்ளை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன் நான்.

தங்கை சண்டை போடவில்லை. "எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாங்க" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டே அவர் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

அந்த வாரமே, கடையில் கண்ணாடி அறுக்கும்போது துண்டு நழுவி அவர் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிழிந்தன. கம்பியை அழுத்துகிற கை அது. இரண்டையும் சேர்த்து வைத்துக் கட்டிவிட்டார்கள். "வீட்ல இருங்க மாப்ள, உடம்பு முக்கியம்" என்றேன், சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு. "மிச்ச விரலே இவங்களுக்கு அதிகம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மிச்ச விரலை வைத்து ஆறு கம்பியை எங்கே பிடிப்பது? நடுவில் இரண்டு கம்பியை மட்டும் தொட்டார். கையை அடுத்த இடத்துக்கு மாற்ற நேரமானதால், ஒரு தரம் தொட்டுவிட்டுக் காத்திருந்தார். தங்கை மூச்சு வாங்கினாள். அந்த இடம் சும்மா இருந்தது. அடுத்த வரியை அவள் எடுத்தபோது குரல் கடைசி மேசை வரைக்கும் போனது. கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்? சோலோ வந்தபோது கொஞ்சம் வாசித்தார், நிறுத்தினார், விரலுக்கு இடம் தேடினார், இன்னும் கொஞ்சம் வாசித்தார். முதல் தடவையாக மனுஷன் பேசுகிற மாதிரி இருந்தது.

மேனேஜர் எப்போதும் சமையலறை வாசலில் நின்று காதால் மட்டும் கேட்பவர். முடிந்ததும் வந்தார். "அடுத்த வாரமும் வந்துடுங்கம்மா. இந்தப் புது கிடார்காரரையே வச்சுக்குங்க. பழைய ஆளைக் கூட்டிட்டு வந்துடாதீங்க."

மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்து நானும் டிரம்மரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கிடாரை உறையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தக் கடைசி வரியில அவ குரல் அவ்ளோ கீழ இறங்குமா, மச்சான்?"

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே இறங்கிட்டுத்தான் இருக்கு. நீங்க எங்க கேட்டீங்க?"

உறையை இழுத்து மூடினார். கட்டை அவிழ்த்ததும் மழை மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று டிரம்மரிடம் சொல்லிவைத்தேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? ஆனால் வாரங்கள் போயின, கட்டு அவிழவில்லை. வரவர அது வெள்ளை வெளேரென்று வேறு இருந்தது.

ஒரு சாயங்காலம் மேடைக்குப் பக்கத்து அறைக்குள் நுழைந்தேன். தங்கை அவர் கையை மடியில் வைத்துப் புதுத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்களைப் பார்த்தேன். தழும்புகூட வெளுத்துப் போயிருந்தது.

"என்ன மாப்ள, இன்னுமா ஆறல?"

"விரல் என்னைக்கோ ஆறிடுச்சு மச்சான்" என்றார், தலை நிமிராமல். "எனக்குத்தான் ஆறல. அவுத்தா கொட்டிருவேன்."

நக்கலாக ஒன்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. தங்கை துணியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறுக்கிக் கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, பேஸை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.