பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஒரு சாமி

இரத்தோட்டைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில்தான் எனக்கு வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனால் பிள்ளைகள் என் பொறுப்பு. கட்டடத்துக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு செடி, இடுப்பளவு உயரம், ஊதாப் பூ. சிங்களத்தில் போவிட்டியா என்கிற சாதியில் ஒன்று. இந்த மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இங்கேயும் அருகிவிட்டது என்று செடி பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு வீம்பு. இதன் விதை மண்ணில் விழாமல் நான் விடுவதில்லை.

கங்காணிக்கு அது வெறும் புல். களையெடுக்கும் ஒவ்வொரு தடவையும் வெட்டச் சொல்வார், அது திரும்பத் துளிர்க்கும். கடைசியில் மருந்தடிக்கப் போவதாகச் சொன்னார். மருந்துக்கு வேர் தப்பாது. பேசிப் பார்த்தேன், சிரித்தார். வெள்ளிக்கிழமை காலையில் செடியடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கிளையில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டேன். மருந்தடிக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் எங்கள் சனத்தை நான் சரியாக எடைபோடவில்லை. சாமி என்றால் பூப் போடவேண்டாமா? செடியில் இருந்த பூவையெல்லாம் பறித்துக் கல்லின் தலையில் போட்டார்கள். அரும்பைக்கூட விடவில்லை. பூ போனால் விதை எங்கே? மருந்துக்குத் தப்பிய செடியைப் பக்தி மொட்டையடித்துவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மறுபடி அரும்பு கட்டியபோது தாய்மாரிடம் சொன்னேன்: "இந்த அம்மாவுக்குப் பறிச்ச பூ ஆகாது. செடியிலயே இருக்கணும். பறிக்கிற கைக்கு நல்லதில்ல."

கங்காணி தேடி வந்தார். "யாரு அக்கா அப்படிச் சொன்னது?"

"சாமிதான்."

"ஒங்ககிட்டயா?"

"அதுக்காக ஒங்ககூட மல்லுக்கு நின்னது நான்தானே. பின்ன யார்கிட்ட சொல்லும்?"

அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அந்தப் பூக்கள் செடியிலேயே வாடிக் காயாகி முற்றின. மழைக்குப் பிறகு மேட்டுச் சரிவில் சுணை படர்ந்த சின்ன இலைகளோடு கன்றுகள் முளைத்திருந்தன.

"பொய்தானேம்மா சொன்னீங்க" என்கிறாள் என் மகள். பொய்தான். கன்றுகளுக்கும் சிவப்புத் துணி வாங்கி வைத்திருக்கிறேன்.