வண்டில் ஓட்டியவனின் பெயர்

டெக்சாசிலிருந்து வந்த மாணவியொருத்தி, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் ஆறு மாதம் தங்கியிருந்தாள். மாட்டுப் பந்தயங்களைப் பற்றி ஆய்வு செய்தாள். தமிழைத் தன் நாட்டிலேயே கற்று வந்திருந்தாள்; எங்கள் வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சும் அவள் நாவில் படிந்துவிட்டது. அவள் தந்தை ஒரு கௌபாய். குதிரைமீதமர்ந்து பிறருடைய மாடுகளை ஓட்டிச் சம்பளம் வாங்குபவர். அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முதுகு நிமிரும்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் மாட்டுவண்டிச் சவாரிப் பந்தயத்துக்குப் பேர்போனது. என் தந்தையாரின் வெள்ளை மாட்டுச் சோடி வென்ற வெள்ளிக்கோப்பை எங்கள் கூடத்தில் இருக்கிறது. வண்டியிலேறி மாடுகளின் நாணயக் கயிற்றை நானே பிடித்திருந்தவன்போல் அந்த ஓட்டத்தை மாலைதோறும் அவளுக்கு விரித்துரைத்தேன். உண்மையில் அன்று நான் பந்தல் நிழலில் சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் நடக்கும் அந்தச் சவாரியைக் கண்ணால் காணாமல் அவளுடைய ஆய்வு நிறைவுறாது. சவாரி முடிந்த மறுவாரமே அவள் நாடு திரும்பவேண்டும். புத்தாண்டுக் காலமாதலால் புகைவண்டியிலும் பேருந்துகளிலும் இடமில்லை. கொழும்பிலுள்ள எங்கள் ஊர்ச்சங்கம் அமர்த்தும் பேருந்தில் ஓர் இருக்கை தருவதாக, சங்கக் காப்பாளனாகிய நான் வாக்களித்திருந்தேன்.

பயணத்துக்கு முந்திய ஞாயிறு சங்கம் கூடியது. அவள் தந்தையின் தொப்பியோடும் சுருக்குக் கயிற்றோடும் வந்தாள்.

“தலைவர், தள்ளியிருங்கோ. தாலி கட்டாமலே கழுத்தில கயிறு விழப்போகுது,” என்றார் பொருளாளர், பக்கத்திலிருந்த சங்கத் தலைவரிடம்.

அவளும் சிரித்தாள். கயிற்றை ஒருமுறை சுழற்றிக் காலியாயிருந்த கதிரையொன்றைப் பிடித்துக் காட்டினாள். கைதட்டினார்கள். பின்பு, மேசையில் நான் பெருமையோடு கொண்டுவந்து வைத்திருந்த கோப்பையைக் கூர்ந்து பார்த்தாள்.

“எங்கட ஊரில கோப்பையில ஓட்டினவற்ர பெயர் இருக்கும். இதில ஐயாவின்ர அப்பாவின்ர பெயர் மட்டும் இருக்கு. அப்பாவோ ஓட்டினவர்?”

அவள் குரலில் குத்தலில்லை. ஆய்வுக்குறிப்பேடு திறந்திருந்தது. பின்வரிசையில் ஒரு கிழவி வாய்திறந்தாள்: “அவர் எங்க ஓட்டினவர். ஓட்டினவனுக்கு அண்டைக்குச் சிரட்டையில எல்லோ தேத்தண்ணி குடுத்தவை.”

அவன் பெயர் எனக்குத் தெரியும். என்னை இடுப்பில் தூக்கிச் சென்று மாடு காட்டியவன் அவன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“பிள்ளை, கூலிக்கு மாடு மேய்க்கிறவன்ர வீட்டில பிறந்த உமக்கு இது விளங்காது,” என்றேன். “மாடு வைச்சிருக்கிறவன் வேற. மாட்டுக்குப் பின்னால ஓடுறவன் வேற.”

முதலில் பொருளாளர் சிரித்தார். பிறகு அவை முழுதும் சிரித்தது. ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கிற்று என்பதை, தொப்பியைக் கழற்றி மடியில் கவிழ்த்த விதத்தில் கண்டேன். அன்று மாலையே செயலாளரை அழைத்து, பேருந்துப் பட்டியலிலிருந்து அவளுடைய பெயரை வெட்டச் சொன்னேன்.

“இடம் இருக்கே, ஐயா.”

“இல்லை எண்டு சொல்லும்.”

வடக்குவரை அந்த இருக்கையில் என் கைப்பை இருந்தது.

சவாரி சிறப்பாகவே நடந்தது. வென்ற சோடியின் பின்தொடைகளில், ஆணி வைத்த கேட்டிக்கம்பு குத்திய இடங்களிலிருந்து குருதி வழிந்தது. மாட்டின் உரிமையாளர் கனடாவில் இருந்தார். அவருடைய மைத்துனர் மேடையேறினார். கோப்பையை வழங்கும் பொறுப்பு என்னுடையது. ஓட்டியவன் கீழே, நுரைதள்ளும் மாடுகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

அறிவிப்பாளர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்: “ஐயா, ஓட்டினவற்ர பேரையும் சொல்லட்டோ?”

“வேண்டாம். நேரம் போயிட்டுது.”

நான் வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். குறிப்பேடு மேசைமீது கிடந்தது. சவாரிக்கென அவள் ஒதுக்கியிருந்த பக்கங்கள் வெறுமையாயிருந்தன. வருத்தம் தெரிவிக்கும் சொற்கள் தமிழில் பல உண்டு. அவற்றுள் ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

“ஆர் வெண்டது, ஐயா?”

உரிமையாளரின் பெயரைச் சொன்னேன்.

“ஓட்டினவர்?”

“தெரியாது,” என்றேன். அது உண்மை.

அவள் குறிப்பேட்டை மூடிப் பெட்டிக்குள் வைத்தாள்.