மின்சாரம் நின்ற ஆக்லாந்தில் ஒரு விடுமுறை

1998 பெப்ரவரி கடைசியில் நான் ஆக்லாந்துக்குப் போனது தம்பி குகனைப் பார்க்க. நகரின் நடுவில் மதியச் சாப்பாட்டுக் கடை ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தான். எனக்கும் வேலை அலுத்துப்போயிருந்தது.

நான் சுவிட்சர்லாந்தில் மின் பொறியாளர். ஐரோப்பிய நாடுகளின் மின்கம்பிகள் எல்லை தாண்டி இணைந்தவை. எங்கே புதுக் கம்பி இழுப்பது, அவசரத்துக்கு எவ்வளவு மின்சாரம் ஒதுக்கி வைப்பது என்பதை எல்லோரும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வழி அறுந்தால் மற்ற வழிகள் சுமையைத் தாங்க வேண்டும் என்ற விதியை, எல்லை தாண்டும் கம்பிகளுக்கும் கட்டாயமாக்கக் கேட்டு எங்கள் குழு இரண்டு வருடமாக வாதாடிக்கொண்டிருந்தது. சும்மா கிடக்கப்போகும் கம்பிக்கு யார் செலவழிப்பது என்ற கேள்வியிலேயே ஒவ்வொரு கூட்டமும் முடியும். திரும்பியதும் விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுதான் விமானம் ஏறினேன்.

சிங்கப்பூர் வழியாக முப்பது மணி நேரப் பயணம். விமான நிலையத்திலிருந்து, புறநகரான சான்ட்ரிங்ஹாமில் உள்ள தம்பி வீட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். குகன்தான் காரில் கூட்டிப்போனான். பாதி வழியில் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"என்னடா, சுகமில்லையோ?"

"டவுனில கரண்ட் இல்லையக்கா. கேபிள் எல்லாம் போயிட்டுது. எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

மறுநாள் காலை அவனோடு, கடை இருந்த குயீன் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். நடைபாதைகளில் ஜெனரேட்டர்கள் இரைந்தன, டீசல் புகை தொண்டையில் நின்றது. பல அலுவலகங்கள் புறநகருக்கு இடம் மாறிக்கொண்டிருந்தன. நாட்டில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. அதை நகரின் நடுவுக்குக் கொண்டுவந்த நான்கு பெரிய கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகியிருந்தன. நான் எத்தனையோ அறிக்கைகளில் எழுதிய நிலைமைதான். குகன் கடைக் குளிர்பெட்டியைத் திறந்தபோது மீன் நாறியது. அந்த நாற்றம் எந்த அறிக்கையிலும் இருந்ததில்லை.

"கடை லோன் இருக்கு. ரெண்டு கிழமை பூட்டினா சரி, முடிஞ்சுது," என்றான்.

மாலை சான்ட்ரிங்ஹாம் வீதியில் மணி அண்ணையின் மளிகைக் கடைக்குப் போனோம். மணி அண்ணை ஃபிஜியில் பிறந்தவர். பாட்டனார் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். தமிழை நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார். அந்தப் பகுதிக்கு மின்சாரம் வேறு வழியாக வந்ததால் அவர் கடையில் விளக்கு எரிந்தது.

குகன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "என் கூல் ரூம் பாதி காலி," என்றார். "பின்னால கிச்சன் இருக்கு. நீ இங்க சமை. ரென்ட் பேச்சு அப்புறம்."

குகன் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அண்ணை," என்றான்.

அடுத்த நாளே சமையல் தொடங்கியது. தம்பி மனைவி சுபா வழக்கமாகச் சாப்பாடு வாங்கும் அலுவலகங்களைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தாள். ஒன்று நியூ லின் என்ற புறநகருக்கு மாறியிருந்தது. "மச்சாள், இருவது பார்சல் கேக்கினம்," என்று அவள் ஓடிவந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீருக்கு நல்ல சாக்கு இருந்தது. முதல் நாள் பாதிச் சோறு மிஞ்சியது. நான் புறப்பட்ட வாரத்தில் எதுவும் மிஞ்சவில்லை. நகரத்தில் இன்னும் மின்சாரம் வரவில்லை. பின்னர் அது திரும்பிய நாளில், கடையைத் திறக்கக் குகனிடம் பணம் இருந்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள், ஆனால் வெயில் தோலைச் சுட்டுவிடும், தொப்பி அவசியம். சான்ட்ரிங்ஹாமில் தங்கினால் நகருக்குப் பஸ் இருக்கிறது, சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். பார்க்க வேண்டிய இடங்களை நெருக்கி அடுக்காதீர்கள். நான் மவுன்ட் ஈடன் மலையை மட்டும்தான் ஏறிப் பார்த்தேன், குறையே இல்லை. அந்த அடுப்படியில் எனக்கும் ஓர் இடம் கிடைத்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

சுவிட்சர்லாந்து திரும்பியபின் அடுத்த கூட்டத்தில், சும்மா கிடக்கும் கம்பிக்கு யார் செலவழிப்பது என்ற வழக்கமான கேள்வி வந்தது. வரைபடங்களை மூடி வைத்துவிட்டு, ஒரு சாப்பாட்டுக் கடையின் கதையைச் சொன்னேன். விதி அன்று நிறைவேறவில்லை. யாரும் அதைக் கைவிடச் சொல்லவுமில்லை. ஒரு வருடம் கழித்து, சில திருத்தங்களோடு, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அன்று மாலையே குகனை அழைத்துச் சொன்னேன்.

"அப்ப உங்கட பக்கம் ஒரு கடை திறக்கலாம் எண்டுறியள்," என்றான்.