உமிப் புகை

நைனா அம்மாவை அடித்ததற்குக் காரணம் ஒரு டாக்டர். அந்த மனுஷன்மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. நெல்லை அவித்துக் காயவைத்து, உத்திரமேரூர் மில்லில் அரைத்து விற்பது எங்கள் பிழைப்பு. கொல்லையில் அண்டாவுக்கு அடியில் உமியைத் தள்ளித் தள்ளி எரிப்பது அம்மா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தப் புகையில்தான் நின்றாள். முதலில் இருமல் வந்தது. பிறகு குடம் தூக்கினாலே மூச்சு இளைத்தது. டிபி என்று தின்ற மாத்திரையில் வயிறுதான் வெந்தது. செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் போனோம். குழாய் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னார். அம்மா முக்கி முக்கி ஊதியும் அந்தக் குழாயின் முள் பாதிகூட ஏறவில்லை.

டாக்டர் அம்மாவைப் பார்க்காமலே நைனாவிடம் சொன்னார். "மூச்சுக்குழாய் சுருங்கிப்போச்சு. பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு வர்ற வியாதி. முழுசா குணமாகாது."

வீட்டுக்குள் நுழைந்ததும் நைனா செருப்பைக் கழற்றி, அதாலேயே அம்மாவை அடித்தார்.

"இன்னாடி, எவன்கிட்ட பீடி வாங்கிக் குடிச்ச? எத்தினி நாளா நடக்குது?"

அவர் வாயிலேயே ஒரு பீடி புகைந்துகொண்டிருந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்தது. அம்மா கத்தவில்லை. கத்த மூச்சு ஏது? வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. சத்தம் கேட்காததால் அக்கம்பக்கத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அந்தக் கை அணைத்து நான் பார்த்ததே இல்லை.

மறுவாரம் மூவரும் மருந்துக்குப் போனபோது நானே பேசினேன்.

"எங்கம்மா பீடியத் தொட்டதே இல்ல சார். கல்யாணம் ஆனதுலேர்ந்து உமி எரிச்சி நெல்லு அவிக்கிறாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் புகையே போதும்மா. நான் முதல்லயே கேட்டிருக்கணும். இனிமே அவங்க அடுப்புகிட்ட போகவே கூடாது."

நைனாவின் முகம் தெளிந்தது. "அப்ப பீடி இல்ல" என்றார். அவ்வளவுதான். அம்மாவின் உதடு அப்போதும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளிடம், "நெல்லு ஊறிக்கினு கீது, நாத்தம் புடிச்சிடும். போய் பத்த வையி" என்றார்.

கடப்பாரையை எடுத்து அடுப்பை இடித்தேன். மண் சிதறியது, அண்டா உருண்டது. நைனா விறகுக்கட்டையோடு என்மேல் பாய்ந்தார்.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. தன்மேல் அடி விழுந்தபோது வராத குரல்.

"அவ மேல... கைய வெச்ச... கொன்னுடுவேன்."

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. நைனா கட்டையைக் கீழே போட்டார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை இருமினாள். ஊறிய நெல்லை நான் மாட்டுக்குக் கொட்டினேன்.