கடைசி ஆமெனுக்குப் பிறகு ஒரு ஸ்தோத்திரம்

தாராவியில் எங்கள் சபைப் பாடகர் குழு ஒரு பாடல் தொகுப்பைப் பதிவு செய்ய முடிவெடுத்தபோது, மைக்குகளைக் கவனிக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் காட்கோபரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியாளர். அதைவிட முக்கியமாக, அந்தக் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவளின் மகள்.

எல்லோருக்கும் தெரிந்த பாமாலைகளும் கீர்த்தனைகளும் தொகுப்பில் இருந்தன. முடிவில், நான்கு குரல்களில் பாடும் ஒரு பெரிய ஐரோப்பியக் கோரஸ். அதன் கடைசி ‘ஆமென்’ கூரையில் முட்டித் திரும்பி, மெல்ல மெல்ல அடங்க வேண்டும்.

கெடுக்கக்கூடிய சத்தங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்: பாவ் ரொட்டி விற்பவரின் சைக்கிள் ஹார்ன், பக்கத்துப் பட்டறையின் தையல் மெஷின், லோக்கல் ரயில், மின்விசிறி. பதிவு நாளான ஞாயிறு மதியம் எல்லாவற்றுக்கும் வழி செய்தாயிற்று. பட்டியலில் விட்டுப்போனது என் அம்மா.

எங்கள் சபையில் பாட்டு நன்றாக முடிந்தால் யாராவது “ஸ்தோத்திரம்!” என்பார்கள். அந்த யாராவது பெரும்பாலும் அம்மாதான். அன்று அந்தக் கோரஸ் முடிந்து, எதிரொலி இன்னும் கூரையில் இருக்கும்போதே ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது: “ஸ்தோத்திரம்!”

“டேக்கு போச்சு, இந்தப் பதிவு வீண்,” என்றேன். மறுபடி பாடினார்கள். மறுபடி ஸ்தோத்திரம்.

“எம்மா, பேசக்கூடாதுன்னு சொன்னேன்லா?”

“நான் எங்கட்டி பேசுதேன்? அது தானா வருது.”

ஆண்களின் மேல்குரலான டெனர் பாடும் சபை அண்ணன் ஒருவர் குறுக்கே வந்தார். “அரே, அத மட்டும் கட் பண்ணித் தூக்கிரு. வேல கதம்.”

எதிரொலியின் மேலேயே அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. வெட்டினால் இரண்டும் சேர்ந்து போகும். கடைசி வரியை மட்டும் தனியாகப் பாடவைத்தேன். தனி வரிக்கும் தனி ஸ்தோத்திரம் கிடைத்தது. இருமல் மிட்டாய் கொடுத்தேன். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்.

குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அக்கா, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வெளிய உக்காந்திருங்களேன்.”

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. திருநெல்வேலியில் என் பெரியம்மாவும் கொயரில் பாடுகிறாள். பம்பாய்க்காரர்களுக்குப் பாட வராது என்பது அவளுடைய உறுதியான கருத்து. கடைசிப் பாட்டில் தன் ஆல்ட்டோவைக் கேட்டுப் பார் என்று அம்மா ஏற்கெனவே அவளிடம் போனில் சவால் விட்டிருந்தாள்.

“மாஸ்டர், இன்னும் ஒரே ஒரு சான்ஸு,” என்றாள்.

நான் பிரச்சினையைப் பிரித்துப் பார்த்தேன். நாக்கு நம் கட்டுப்பாட்டில் இல்லை. பல் இருக்கிறது.

“எம்மா, குழாயடியில ரெண்டு கையிலயும் குடம் இருந்தா முந்தானைய என்ன செய்வ?”

“கடிச்சிக்கிடுவேன்.”

“பாட்ட நிறுத்த மாஸ்டர் கைய மூடினதும் கடி.”

பாடினார்கள். ஆமென் எழுந்து கூரைக்குப் போனது. மாஸ்டரின் விரல்கள் மூடின. அம்மா முந்தானையைக் கவ்வினாள். கண் பிதுங்கியது, தோள் ஒருமுறை குலுங்கியது. ஹெட்போனில் எதிரொலி இறங்கி, இறங்கி, ஒன்றுமில்லாமல் ஆயிற்று.

சில வாரங்கள் கழித்து, ஆராதனை முடிந்ததும் தொகுப்பைக் கோயிலிலேயே போட்டுக் காட்டினோம். அம்மா போனை உயர்த்திப் பிடித்துப் பெரியம்மாவையும் கேட்கவைத்தாள். ஸ்பீக்கரில் கடைசி ஆமென் அடங்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

“ஸ்தோத்திரம்!”

கொயர் மாஸ்டர்.

அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

“மாஸ்டர், டேக்கு போச்சு!”