பஞ்சு படிந்த பியட்

நிற்கிற எந்தக் காரைக் கடந்து போனாலும் என் பெரியப்பா விரலை மடக்கி அதன் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். தகரம் நல்ல தகரமாக இருந்தால் கணீரென்று கேட்கும். அடிபட்ட இடத்தில் பட்டி வைத்து நிரப்பி மேலே பெயிண்ட் அடித்திருந்தால் மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்டால்தான் அவர் முகம் மலரும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். கல்யாண மண்டப வாசலில் பூச்சுற்றி நின்ற மாப்பிள்ளைக் காரையே அப்படித் தட்டி, வண்டிக்காரர் முகத்துக்கு நேராக, "பாதி வண்டி பட்டிதான் வே" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனவர். சங்கரன்கோவிலில் அவர் பெயர் பெருமாள்சாமி என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் முதுகுக்குப் பின்னால் பட்டி பெருமாள் என்பார்கள்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் எங்களைப் பிடிக்காது. பிடிக்காத ஒருவரைப் பற்றி நியாயமாக எழுத முடியுமா என்று யோசித்திருக்கிறேன். பிடித்தவர்கள் என்று அவருக்கு யாரும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அவர் திருவேங்கடம் ரோட்டில் மினி பஸ் ஓட்டினார். வாழ்நாள் முழுவதும் அடுத்தவன் வண்டி. அவருக்கென்று இருந்தது ஒரு பியட் கார், 1961ஆம் வருஷத்து மாடல். தாத்தா வாங்கி வாடகைக்கு ஓட்டியது. தாத்தா போனபின் அது ஷெட்டில் நின்றுவிட்டது. பாகம் பிரித்தபோது கரிசல் காடும் காரும் பெரியப்பாவுக்கு என்றும், வீடும் தறிக்கூடமும் கார் நின்ற ஷெட்டும் தம்பியான என் அப்பா கோமதிசங்கருக்கு என்றும் முடிவானது. கார் ஒருவருக்கு, அது நிற்கிற இடம் இன்னொருவருக்கு. அன்று யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. பஞ்சாயத்துப் பேசிய இசக்கித்துரை மாமா காரை எட்டிப் பார்த்தாராம். நான்கு சக்கரமும் மண்ணில் புதைந்து கிடந்தது. "என்னைக்கு ஓடுதோ அன்னைக்கு எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். இலை போட்டிருந்தார்கள்.

அந்த ஒரு வார்த்தையை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு ஷெட் வேண்டும். நான்கு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. ஷெட் காலியானால் இன்னும் இரண்டு போடலாம். ஒரு தடவை இழுவை வண்டிக்கே சொல்லிவிட்டார். பெரியப்பா பஸ்ஸைப் பாதி வழியில் வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"இழுத்துக்கிட்டுப் போறதுக்கா பாகம் வாங்குனேன். அது ஓடித்தான் வெளிய வரும். நாந்தான் ஓட்டுவேன்."

அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இஞ்சின் போட்டு, தன் கையால் ஓட்டி, அந்த ஷெட்டை விட்டு வெளியே வர வேண்டும். அப்பா அதற்குப் பதிலாக ஷெட்டுக்கு முன்னால் தெருவோரம் முழுக்கச் சுவர் எடுத்தார். ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டார். "கார் என்னைக்கு ஓடுதோ அன்னைக்குப் பாத்துக்கிடலாம்" என்றார்.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அந்தச் சந்து வழியாகப் பெரியப்பா போய்வர ஆரம்பித்தார். டிகிரி முடித்து வந்தபோதும் போய்க்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லி எங்கள் அம்மா தெருவெல்லாம் பூரிப்பார். பெரியப்பா ஷெட்டிலிருந்து கிரீஸ் கையோடு தலையை நீட்டி, "படிச்சு முடிச்சிட்டா என்ன செய்யணும்னு அதுல போட்டிருக்கா?" என்று கேட்டார். பதில் எனக்கு இன்றும் தெரியாது.

காரின் முன்கதவுகள் இந்தக் காலத்துக் கார் மாதிரி இல்லை. கீல் பின்னால், பிடி முன்னால். ஒரு பக்கம் தறிக்கூடத்துச் சுவர் ஒட்டி இருந்ததால் அந்தப் பக்கக் கதவை முழுக்கத் திறக்க முடியாது. பக்கவாட்டில் நுழைந்து, படுத்துக்கொண்டுதான் தரைத் தகட்டை மாற்றினார். பிஸ்டன், கார்புரேட்டர், முன்னால் இருக்கிற வெள்ளிப் பல் மாதிரியான கிரில், ஒவ்வொன்றாக மதுரையிலும் கோயம்புத்தூரிலும் பழைய இரும்புக் கடைகளில் தேடிக் கொண்டுவந்தார். மாருதி இஞ்சினைத் தூக்கி வைத்தால் ஒரு மாசத்தில் ஓடும் என்று ஒரு மெக்கானிக் சொன்னதற்கு, அவரை மறுபடி சந்துக்குள்ளேயே விடவில்லை. சண்முகசுந்தரி பெரியம்மா ஒரு தடவை எங்கள் அம்மாவிடம் கடைத்தெருவில் வைத்துச் சொன்னார்: "ஒங்க வீட்ல ஒரு வைப்பாட்டிய வச்சிருக்காருல்லா, அவ இன்னும் எந்திரிக்கலையா?"

அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை கிடையாது. பேசினால் என் மூலமாகத்தான். இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள், நான் நடுவில் நிற்பேன்.

"கோகிலா, ஒங்க அப்பன்ட்ட சொல்லிரு. தறிய ஒரு நாள் நிறுத்தச் சொல்லு. பெயிண்ட் அடிக்கணும்."

"கோகிலா, கேட்டுச்சுன்னு சொல்லு. நிறுத்த முடியாதுன்னும் சொல்லு."

"ஒரு நாள்ல ஒங்க அப்பன் அரமனை இடிஞ்சு போயிராது."

"அரமனைல ஓசில கார் நிறுத்தியிருக்கிறவுக அதப் பத்திப் பேச வேண்டாம்னு சொல்லு."

நான் எதையும் சொல்லத் தேவையில்லை. நிற்க மட்டும் வேண்டும்.

தறியை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தறி ஓடினால் பஞ்சுப் பிசிறு பறக்கும். தறிக்கூடத்துக்கும் ஷெட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் மேலே கூரையைத் தொடாது. அந்த இடைவெளி வழியாகப் பிசிறு இந்தப் பக்கம் இறங்கும். ஈரப் பெயிண்டில் ஒட்டினால் தீர்ந்தது. மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள், அன்று தறி ஓடாது. ஆனால் பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரஸரும் ஓடாது. ஷெட்டுக்கு அப்பா கரண்ட் கொடுக்காததால் எதிர்வீட்டு அலிமா பீவி இரக்கப்பட்டு வயர் இழுக்கவிட்டிருந்தார். கரண்ட்டே இல்லாதபோது அவர் என்ன செய்வார். கரண்ட் இருந்து தறி ஓடாத நாள் என்று பார்த்தால் இந்த ஊரில் அம்பாளுக்கு விழா எடுக்கிற ஆடித்தபசு ஒன்றுதான்.

நான் டிகிரி முடித்து வந்த வருஷம் ஆடித்தபசு அன்று மத்தியானம் ஊரே ரத வீதியில் இருந்தது. நாங்களும் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். அப்பா புது வேட்டி கட்டி, திருநீறு பூசி, செருப்பு மாட்டியிருந்தார். அப்போது ஷெட்டில் கம்ப்ரஸர் சத்தம் கேட்டது. பெயிண்டர் சித்தீக்கை அழைத்து வந்து, பெரியம்மாவின் பழைய சேலைகளைக் கூரை இடைவெளியில் கட்டி, பெரியப்பா வேலையை ஆரம்பித்திருந்தார். அம்பாள் தபசு நிற்கிற நாளில் கோயில் பக்கம் போகாமல்.

அப்பா செருப்பைக் கழற்றினார். தறிக்கூடத்துக்குப் போனார். ஒவ்வொரு தறியாக நான்கையும் ஓடவிட்டார்.

எங்கள் அம்மா வாசலில் பூத்தட்டோடு நின்றார். "இன்னைக்கா? அம்பாளுக்குக் கண்ணில்லையா? இன்னைக்கா தறி ஓட்டுதீய?"

ஆள் இல்லாமல் நூல் அறுந்து அறுந்து விழுந்தது. அப்பா முடிச்சுப் போடவில்லை, ஓடவிட்டார். கூரையில் வருஷக்கணக்காக அப்பியிருந்த பஞ்செல்லாம் அதிர்வில் உதிர்ந்தது. சேலைகளுக்கு மேலேயும் கீழேயும் வெள்ளையாக இறங்கியது.

நான் சந்து வழியாக ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கார் கருநீலமாக, ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அதன் மேல் முழுக்கப் பிசிறு. சித்தீக் முகத்துத் துண்டை இறக்கிவிட்டு நின்றார்.

"அண்ணாச்சி, இது காரு இல்ல, ஜமுக்காளம். காயட்டும், தேச்சு எடுத்துட்டு இன்னொரு நாள் அடிப்போம்."

"அடி" என்றார் பெரியப்பா.

"இது மேலயா? எம் பேரு கெட்டுப் போகும் அண்ணாச்சி."

"அப்ப ஸ்ப்ரே கன்ன இங்க தா."

வாங்கி அவரே அடித்தார். பிசிறு விழ விழ அதன் மேலேயே அடித்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் தறி ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டிலிருந்து யாரும் தபசுக் காட்சி பார்க்கவில்லை.

பெயிண்ட் காய்ந்ததும் என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்.

"நாளைக்குக் காலைல வண்டிய எடுக்கேன். சுவர இடிச்சுத்தான் எடுக்கணும். வெளிய வந்த பொறவு நானே கட்டிக் குடுத்துருவேன்னு சொல்லு."

"எப்பக் கட்டுவாகளாம்?" என்றார் அப்பா.

"சாயங்காலத்துக்குள்ள."

"அண்ணன் ஒரு சொல்லுக்காரன்தான், கட்டட்டும்னு சொல்லு." அப்பா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

மறுநாள் கடப்பாரையோடு வந்து அவரே சுவரை இடித்தார். தெருவில் பத்திருபது பேர் கூடினார்கள். உதவிக்கு யாரும் வரவில்லை, அவர் கூப்பிடவும் இல்லை. பிறகு உள்ளே போய் உட்கார்ந்து சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தார். இருமிவிட்டு நின்றது. கூட்டத்தில் யாரோ, "பட்டியக் கரைச்சு ஊத்தும் வே, ஓடும்" என்றான். மறுபடி செய்தார். பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க நீலப் புகை. ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கிற கியரைத் தள்ளி, பின்னால் திரும்பிப் பார்க்காமல், இடிந்த செங்கல் மேல் ஏறி இறங்கித் தெருவுக்கு வந்தார். அப்பா தறிக்கூட வாசலில் கை கட்டி நின்றார். கார் அவருக்கு முன்னால் மெதுவாகப் போனது. தேவைக்கு மேல் மெதுவாக.

சாயங்காலம் பெரியப்பா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மா என்னை அனுப்பினார். அவர் வீட்டு முன்னால் காருக்குக் குடை மாதிரி தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, சுவரு."

"அவன் பஞ்ச அவன் வந்து எடுக்கட்டும். என் சுவர நான் கட்டுதேன்."

அதற்குப் பின் அவர் அந்தக் காரை அனுபவித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வாரத்தில் லீவு நாள் காலையில் தனியாக எடுத்துக்கொண்டு ராயகிரி வரை போய்த் திரும்புவார். பெரியம்மாவை ஏற்றியதில்லை. கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களிடம், "இதுல ஏறுத மூஞ்சியா இது" என்றார். டீக்கடையில் நிறுத்தினால் காரைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார் என்றும், யாராவது பெயிண்டைப் பற்றிக் கேட்டால் எழுந்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார் என்றும் சொன்னார்கள். "என் தம்பி செஞ்சது. தொட்டுப் பாரும்" என்பாராம்.

ஒருநாள் ராயகிரியில் தோழி வீட்டுக்குப் போய்விட்டுப் பஸ்ஸுக்கு நின்றேன். கார் வந்து நின்றது.

"ஏறு. கதவ அறையாத. இழுத்து அமுக்கு."

கதவில் கை வைத்தபோது உள்ளங்கையில் சொரசொரவென்று பட்டது, மயிர்க்கூச்செறிந்த தோல் மாதிரி. உள்ளே ரெக்ஸின் வாடையும் பெட்ரோல் வாடையும். கதவோரத்து முக்கோணக் கண்ணாடியை அவர் ஒரு விரலால் திருப்பிவிட, காற்று நேராக என் கழுத்தில் விழுந்தது. லாரிகள் ஹாரன் அடித்தபடி தாண்டிப் போயின. அவர் எல்லோரையும் வைதார். நான் வாய் திறந்ததும், "பேசாத. இஞ்சினக் கேளு" என்றார். கேட்டேன். தையல் மிஷின் மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருப்பது அப்பாவுக்குச் செய்கிற துரோகமா என்று யோசித்துக்கொண்டே ரசித்தேன்.

"தேச்சு எடுத்துட்டுத் திருப்பி அடிக்கலாம்லா பெரியப்பா?"

"எதுக்கு? அழிச்சிட்டா அவன் செய்யலன்னு ஆயிரும்."

"அப்ப சுவரு?"

பிரேக் போட்டார். ரோட்டின் இரண்டு பக்கமும் காடு. ஊர் வெகு தூரம்.

"எறங்கு. பஸ் வரும்."

இறங்கினேன். அவர் குனிந்து கதவை இழுத்து, மெதுவாக அமுக்கிவிட்டுப் போனார்.

போன மாசி மாதம் நெஞ்சுவலி வந்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிற வழியில் பெரியப்பா இறந்துபோனார். அப்பா மயானம் வரை நடந்து போனார். திரும்பி வந்து அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. காரைப் பெரியம்மா தார்ப்பாயை இழுத்து மூடிக் கட்டிவிட்டார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் பெரியப்பா மகன் பேச்சிராஜ் ஒரு கொத்தனாரோடு வந்தான். திருப்பூரில் வேலை பார்க்கிறவன், சண்டை சச்சரவுக்குப் போகாதவன்.

"சித்தப்பா, அப்பா கட்டித் தாரேன்னு சொன்ன சுவரு. இன்னைக்கே முடிச்சிருவோம்."

"ஒன்ன யாரு கேட்டா?"

"இல்ல, அப்பா சொன்னது..."

"சொன்னவன் நீயா? ஒன் சுவர் எனக்கு வேண்டாம் மக்கா. கொத்தனாரக் கூட்டிக்கிட்டுப் போ."

ஷெட்டில் இப்போது இரண்டு புதுத் தறி ஓடுகிறது. சுவரில் கார் போன அகலத்துக்குத் திறந்தே கிடக்கிறது. ஆடு நுழைகிறது, மழைத் தண்ணீர் நுழைகிறது. அம்மா ஒரு தடவை முள் வெட்டிப் போட்டு அடைத்தார். அப்பா அதை எடுத்து எறிந்தார். உடைந்த செங்கல் குவியலை யாரையும் தொடவிடுவதில்லை. போன வாரம் நூல் கொண்டுவந்த வேன்காரர், இவ்வளவு பெரிய வாசலா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வாசல் இல்ல" என்றார் அப்பா. "எங்க அண்ணன் எனக்குக் கட்டித் தர வேண்டிய சுவரு."