நீல ஜாடியும் வான்கூவர் மாப்பிள்ளையும்

அத்தையைப் பெண் பார்க்க வந்தவரின் வெள்ளைச் சட்டையைப் பாழாக்கியது நான்தான் என்று எங்கள் குடும்பத்தில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. பாதி உண்மை அது.

கரும்பு வெட்ட எங்கள் முன்னோர் கப்பலேறி வந்த தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் எனக்கு ஒன்பது வயது. லோவு கிராமத்தில் எங்களுக்குக் குத்தகை நிலத்தில் கரும்பு. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். முப்பத்தொரு வயது. தினமும் பஸ் ஏறி லௌடோக்கா பட்டணத்துக்குப் போய் ஒரு வக்கீலின் அலுவலகத்தில் டைப் அடிப்பாள். அந்த வருடம் ராணுவத்துக்குப் பயந்து ஊரில் பாதிப்பேர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மனுக்களையெல்லாம் அடித்து அடித்து, வான்கூவர் தெருக்களின் பெயர்கள் அத்தைக்கு லௌடோக்கா தெருக்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தன.

கிளம்புகிறவர்கள் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளினார்கள். எங்கள் வீட்டுக்கு யாரோ ஒருவருடைய தையல் மிஷின் வந்தது, இன்னொருவருடைய நாய் வந்தது. நியூசிலாந்துக்குப் போன ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவி அத்தைக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழங்காலக் கண்ணாடி ஜாடிகளையும், மேலே முள் வைத்த கடிகாரம் போல ஏதோ ஒன்று பொருத்திய கனமான அலுமினியப் பாத்திரத்தையும் கொடுத்தாள். பழங்களைப் பதப்படுத்தி மாதக்கணக்கில் வைக்கும் சாமான்கள். கூடவே பக்கங்கள் உதிரும் ஒரு கையேடும் இருந்தது.

அவற்றை எடுத்துவர நானும் அத்தையுடன் போயிருந்தேன். திரும்பும் வழியில் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். துப்பாக்கியோடு ஏறிய இளம் சிப்பாய், அத்தையின் மடியில் முள் வைத்த பாத்திரத்தைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனான். அத்தை நிதானமாக மூடியைத் திருகித் திறந்து, கையேட்டில் இருந்த அன்னாசிப் படத்தைக் காட்டினாள். அவன் படத்தையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, மிஷன் பள்ளியில் இருந்த தன் பெரியம்மாவும் இப்படித்தான் செய்வாள், ஒரு தடவை ஜாடி வெடித்துக் கூரையெல்லாம் பப்பாளி என்று சொல்லிச் சிரித்தான். பஸ்ஸில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு நான் கேட்ட பஸ் சிரிப்பு அது.

கூரைப் பப்பாளி அத்தையின் மனதில் தங்கிவிட்டது. மறுநாளே முள் பாத்திரத்தை அப்பாவிடம் கொடுத்து சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் ஒரு ஃபிட்டரிடம் காட்டிவரச் சொன்னாள். முள் பொய் சொல்கிறது, இதை மூடி அடுப்பில் வைக்காதீர்கள் என்று அவர் சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் கோழிகள் அதில் தண்ணீர் குடித்தன. மீனும் கறியும் அந்த மாதிரிப் பாத்திரம் இல்லாமல் ஜாடியில் போடவே கூடாது, விஷமாகிவிடும், புளிப்புள்ள பழம் மட்டும் போதும் என்று அத்தை முடிவு செய்தாள்.

ஜாடிகளுக்கும் பரீட்சை நடந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் விரலை மெல்ல ஓட்டுவாள். எங்காவது நெருடினால் அந்த ஜாடி தேறவில்லை. பழைய தகர மூடிகளை மொத்தமாகக் குப்பையில் போட்டு, பட்டணத்தில் புது மூடிகள் வாங்கினாள். சூடான பாகைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும் என்று ஜாடிகளையும் வெந்நீரிலேயே வைத்திருப்பாள். நிரப்பிய ஜாடிகளைப் பெரிய அண்டாவில், அடியில் துணி விரித்து, தண்ணீர் மூடிக்கு மேலே நிற்கும்படி கொதிக்கவிடுவாள். வெளியே எடுத்து ஆறவைத்ததும் மூடிகள் ஒவ்வொன்றாக ‘டக்’ என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தை எண்ணுவது என் வேலை.

தேறாதவற்றில் ஒரு நீல ஜாடி இருந்தது. கண்ணாடி மூடி, அதை இறுக்கிப் பிடிக்கும் கம்பி, நடுவில் ஒரு ரப்பர் வளையம். வெயிலில் வைத்தால் தரையில் கடல் நிறம் விழும். அத்தை ரப்பரை அழுத்திப் பார்த்தாள். அது காய்ந்த ரொட்டி போல வெடித்திருந்தது. பருப்பு போட்டு வைக்கலாம், ஜாம் போடக் கூடாது என்றாள்.

அத்தனை அழகான ஜாடியில் பருப்பா? எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை குளிக்கப் போன நேரத்தில், சட்டியின் அடியில் மிஞ்சி ஆறிப்போயிருந்த அன்னாசி ஜாமை ஒரு கோப்பையால் மொண்டு நீல ஜாடியில் நிரப்பினேன். கம்பியை இறுக்கி, அலமாரியின் கடைசி வரிசையில் ஒளித்து வைத்தேன். சட்டியில் ஜாம் குறைந்ததற்கு நான் தின்றுவிட்டதாக அம்மா திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வான்கூவர்காரர் வந்தார். பக்கத்து ஊரான சவேனியில் இருந்த அவருடைய உறவினர்கள் வழியாக வந்த சம்பந்தம். மர ஆலையில் வேலை, சொந்த வீடு. வீட்டில் ஒரு மாதமாக வேறு பேச்சே இல்லை. ஒருவர் போனால் போதும், பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொள்ளலாம் என்று அப்பா அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தை கனடாவில் நின்றுகொண்டு கிணற்று வாளியை இழுப்பதுபோல எங்களைக் கடலுக்கு மேலே இழுப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். தம்பி கனமாக இருப்பான், அவனைக் கடைசியாக இழுத்தால் நல்லது என்று அத்தையிடம் சொல்லியும் வைத்தேன். அவள் மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தொப்பை, மெல்லிய குரல், பளிச்சென்ற வெள்ளைச் சட்டை. அவருடைய அக்காவும் வந்திருந்தாள்; அவள் எங்கள் சுவரில் இருந்த ஈரத்தையெல்லாம் பார்த்தாள். அம்மா ரொட்டி சுட்டாள். அத்தை தேநீரோடு ஜாம் எடுத்து வந்தாள். தட்டின் நடுவே நீல ஜாடி நின்றது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது அம்மா என்னை முறைத்தாள். பெரியவர்கள் பேசும்போது நடுவில் வரக் கூடாது என்று காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். அத்தை ஒரு தடித்த துண்டை ஜாடியின் மேல் போர்த்தி, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு கம்பியை மெல்லத் தளர்த்தினாள்.

‘புஸ்’ஸென்று சத்தம். துண்டுக்கு அடியிலிருந்து மஞ்சள் நுரை பக்கவாட்டில் பாய்ந்து மாப்பிள்ளையின் சட்டையில் கழுத்திலிருந்து தொப்பைவரை வழிந்தது. கள்ளுக்கடை வாசனை வீட்டை நிறைத்தது. அக்காக்காரி எழுந்து நின்றுவிட்டாள். மாப்பிள்ளை தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு, நம் ஊர் அன்னாசி தின்ன ஆறு வருடமாகக் காத்திருந்தேன், அதுவே என்னைத் தேடி வந்துவிட்டது என்றார். அவர் சிரிக்கவும் நாங்களும் சிரித்தோம். அப்பாவும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

ஒரு சொட்டுகூட யாரும் வாயில் வைக்க அத்தை விடவில்லை. கோழிகளுக்கும் போடாமல், ஜாடியோடு கொண்டுபோய்த் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். மாப்பிள்ளை அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். இரண்டாம் நாள் சவேனியிலிருந்து செய்தி வந்தது. சகுனம் சரியில்லை என்று அக்கா நினைக்கிறாளாம்.

அன்று சாயங்காலம் நான் அத்தையிடம் போய் அழுதேன். அந்தத் தீவில் இருந்த மற்ற இந்தியர்களைப் போல எங்கள் வீட்டிலும் எல்லாரும் பேசியது ஹிந்திதான். கோயிலில் தேவாரம் படிக்கும்போதும், விஷயம் பெரிதாக இருக்கும்போதும் மட்டும் அத்தை தமிழுக்கு மாறுவாள். எனக்கு அது அரைகுறையாகத்தான் புரியும். அன்று அவள் தமிழில்தான் பதில் சொன்னாள்.

“நான்தான் அதுல ஜாம் ஊத்தினேன் அத்தை.”

“தெரியும்மா.”

“எப்போலேருந்து?”

“போன சனிக்கெழமையே பார்த்தேன். உள்ளே நுரை கட்டியிருந்திச்சி.” என் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்தாள். “பார்க்காமலா எடுத்து வைப்பேன்?”

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் மேல் சோப்பு வாசனை அடித்தது. அதற்குப் பிறகு அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, கேட்கும் வயது வந்தபோது நானும் கேட்கவில்லை. அத்தை எங்கும் போகவில்லை, லௌடோக்காவில்தான் இருக்கிறாள். அன்னாசிக் காலத்தில் புது மூடி வாங்குகிறாள்.

சவேனியிலிருந்து செய்தி வந்த அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அப்பா பீரோவிலிருந்து ‘கனடா’ என்று எழுதிய ஒரு காகித உறையை எடுத்து, விளையாட வைத்துக்கொள் என்று என்னிடம் தந்தார். உள்ளே எங்கள் நால்வருடைய போட்டோக்களும் இருந்தன. அப்பா, அம்மா, நான், தம்பி. காது தெரிய, நேராகப் பார்த்தபடி, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியதாக, ஒவ்வொரு முகமும் எட்டு எட்டு. ஒரே அம்மா எட்டுப் பேராக இருந்ததில் எனக்கு மகா சந்தோஷம். பள்ளிக்கூட நோட்டில் வரிசையாக ஒட்டினேன். அம்மாவுக்கு மீசை வரைந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் நோட்டைப் பார்த்துவிட்டு, மீசை அவளுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றார். ஏன் ஒருத்தரும் சிரிக்கவில்லை என்று கேட்டேன். இந்த மாதிரிப் போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று சட்டம் என்றார்.

அப்படி ஒரு சட்டம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து, முப்பத்திரண்டு வாயையும் ஒவ்வொன்றாக மேல்பக்கம் வளைத்துவிட்டேன்.